ஆழ்கிணற்று நீரில் ரேடியம்: ஒரு நகரம் கொடுத்த விலையும் மலையகத்துக் குழாய்க்கிணறுகளும்

ஊற்று வற்றினால் குழாய்க்கிணறு தோண்டலாம் என்பதுதான் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் அடுத்து எழும் பேச்சு. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தை தொடங்கிப் பங்குனி வரை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மெலிந்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அது ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை. தொழிலாளர் லயங்களுக்குத் தண்ணீர்ப் பவுசர் (தாங்கி வண்டி) எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரத்தில், பாறையைத் துளைத்து 60, 80 மீற்றர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் தருகிறோம் என்று ஒருவர் முன்வந்தால் மறுக்க யாருக்கும் மனம் வராது.

குழாய்க்கிணற்றில் மலக்கிருமித் தொல்லை குறைவு என்பது மெய். ஆனால் பாறை வெடிப்புகளுக்குள்ளிருந்து வரும் நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கிய நீர். பாறையில் இருப்பது அதிலும் கரைந்து வரும். இரும்பு துணியில் கறையாகவும் மங்கனீசு கறுப்புப் படிவாகவும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. கதிர்வீச்சு விடும் உலோகமான ரேடியம் நீரில் கரைந்தால் நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். ரேடியத்தை நீரிலிருந்து எடுக்கும் வழிகள் எல்லாம் அறியப்பட்டவை, பல நகரங்களில் நடைமுறையில் இருப்பவை. ஆனால் எந்த வழியும் அதை அழிப்பதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கோ உப்புக் கழிவுக்கோ வடிகட்டி மணலுக்கோ இடம் மாற்றுகிறது. ஆகவே ஊற்றும் ஓடையும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும்போது அவற்றைக் கைவிட்டு ஆழத்துக்குப் போவது மலிவான முடிவு ஆகாது.

மலைப்பாறையும் தோரியமும்

ரேடியத்தின் கதையில் இலங்கைக்குப் பழைய இடம் ஒன்று உண்டு. 1904இல் பலாங்கொடைப் பகுதிச் சரளைப் படிவுகளில் கறுத்த, கனத்த, சிறு கனசதுரப் படிகங்களாக ஒரு கனிமம் கிடைத்தது. பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, கூடவே யுரேனியம்; இரண்டும் கதிர்வீச்சு உலோகங்கள். தோரியனைற்று என்று அதற்குப் பெயர் வந்தது. இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்கு அப்போது தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்த கனிமங்களில் அதுவும் ஒன்று. இலண்டனுக்குப் போன அந்தக் கனிமத்திலிருந்து பிரித்த உப்பில் வேலை செய்துதான் ஜேர்மன் வேதியியலாளர் ஒட்டோ ஹான் 1905இல் ரேடியோதோரியம் என்ற கதிர்ப்பொருளைக் கண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1907இல், அவரே மீசோதோரியத்தையும் கண்டார். அதை இன்று ரேடியம்-228 என்கிறோம்.

இந்த வரலாறு நம் கிணறுகளுக்கும் பொருந்துகிறது. குடிநீரில் கணக்குக்கு எடுக்கும் ரேடியம் இரண்டு வகை. யுரேனியத்தின் வழியில் பிறப்பது ரேடியம்-226; அதன் அரைவாழ்வு (பாதி சிதைந்து போக எடுக்கும் காலம்) 1600 ஆண்டுகள், அல்பாக் கதிர் விடும். தோரியத்திலிருந்து நேரே பிறப்பது ரேடியம்-228, அரைவாழ்வு 5.75 ஆண்டுகள், பீட்டாக் கதிர் விடும். மத்திய மலைநாட்டின் அடியில் கிடப்பவை சாணோக்கைற்று, கார்னெற்று கலந்த பட்டைப்பாறை, குவாட்சைற்று, இடையிடையே சலவைக்கல். இத்தகைய உருமாறிய பாறைகளில் மொனசைற்று, சேர்க்கன் போன்ற சிறு மணிகள் தோரியத்தையும் யுரேனியத்தையும் சுமக்கின்றன. ஆறுகள் அரித்துக் கொண்டுபோன அதே மணிகள்தான் பேருவளை, புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் சேர்ந்திருக்கின்றன. தோரியம் மிகுந்த நிலத்தில் முதலில் கேட்க வேண்டியது ரேடியம்-228 எவ்வளவு என்பதே. சாதாரண அல்பாச் சோதனை அதைப் பிடிக்காது. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

தோரியம் நீரில் கரைவதே இல்லை என்னலாம். அப்படியிருக்க அதன் பிள்ளை எப்படி நீருக்கு வருகிறது? தோரிய அணு சிதையும்போது அல்பாத் துகள் ஒரு பக்கம் பாய, எஞ்சிய ரேடிய அணு மறுபக்கம் உதைபட்டு நகர்கிறது. அது மணியின் விளிம்பருகே இருந்தால் வெடிப்பிலுள்ள நீருக்குள்ளேயே விழுந்துவிடும். தோரியம் கல்லிலேயே இருப்பதால் இந்த வரத்துக்கு முடிவில்லை. ரேடியம்-228 சில பத்தாண்டுகளில் பழைய அளவுக்கு மீண்டும் ஊறிவிடும். எவ்வளவு இறைத்தாலும் கிணறு ‘கழுவப்படாது’.

நீருக்குள் விழுந்த ரேடியம் அங்கேயே நிற்குமா, மண்ணில் ஒட்டுமா என்பதை மூன்று சங்கதிகள் தீர்மானிக்கின்றன. ஒட்சிசன் உள்ள நீரில் இரும்பும் மங்கனீசும் துருவாகப் படிந்திருக்கும்; அந்தத் துரு ரேடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒட்சிசன் தீர்ந்த ஆழ்நீரில் துரு கரைந்துவிடுவதால் ரேடியம் விடுபடும். இரண்டாவது, உப்பு. கல்சியம், மகனீசியம், பேரியம் மிகுந்த நீரில் அவை மண்ணின் ஒட்டுமிடங்களை எடுத்துக்கொள்ள, ரேடியம் நீரிலேயே தங்கும். மூன்றாவது, புளிப்பு. அதைக் காட்டும் எண்ணான பி.எச். (எண் குறையப் புளிப்பு கூடும்) 5ஐ ஒட்டிக் கீழிறங்கினால் ஐதரசன் அயன்களே ரேடியத்தைத் தள்ளிவிடும்.

முதல் சங்கதி மலையகத்துக்குச் சாதகமானது. மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கிச் சில காலத்தில் ஊற்றாக வெளிவருகிறது. அந்த நீர் இளமையானது, காற்றோட்டம் உள்ளது, இரும்புத் துரு நிறைந்த மண்ணால் வடிகட்டப்பட்டது. இத்தகைய நீரில் ரேடியம் நிலைத்து நிற்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றாவது சங்கதியில் கவனம் வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் பயிர். அதற்கு உகந்த பி.எச். ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. அமோனிய உரம் மண்ணை மேலும் புளிப்பாக்கி, நைத்திரேற்றையும் கல்சியம், மகனீசியத்தையும் கீழே இறக்கும். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத் தென்பகுதியில், புளிப்பான மணல் நிலத்தடியில், உரமிட்ட வயல்களின் கீழுள்ள கிணறுகளில் ரேடியம் கூடியிருப்பது இதே வழியில்தான் என்று அங்குள்ள நிலவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் பின் இடும் தொலமைற்றுச் சுண்ணாம்பு புளிப்பைக் குறைத்து ரேடியத்தைப் பிடித்துவைக்க உதவும். ஆனால் அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் போட்டிக்கும் வரும். தேயிலை மலைக்கு நடுவே கிணறு தோண்டுவோர் பி.எச்., நைத்திரேற்று, மின்கடத்துதிறன் மூன்றையும் ரேடியத்தோடு சேர்த்து அளக்க வேண்டியது இதனால்தான்.

உடலில் என்ன செய்கிறது

ரேடியம் வேதியியலில் கல்சியத்தின் தம்பி. குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறும் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஏறியதில் தங்குவது பெரும்பாலும் எலும்பில் தங்கும். 1910களிலும் 1920களிலும் நியூ ஜேர்சியிலும் இலினோயிலும் கடிகார முகங்களுக்கு ரேடியப் பூச்சிட்ட பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அவர்களிடம் கண்ட தாடை அழுகலும் எலும்புப் புற்றும்தான் இந்த அறிவின் தொடக்கம். குடிநீரில் வரும் அளவு அதற்குப் பல மடங்கு கீழே. அதனால் நாளைக்கே நோய் வரும் என்ற பயம் வேண்டாம். பல ஆண்டுகள் குடித்தால் கூடும் ஆபத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

அமெரிக்காவின் வரம்பு இரண்டு ரேடியங்களும் சேர்ந்து லீற்றருக்கு 5 பிக்கோகியூரி, அதாவது 0.185 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு). ஒரு லீற்றர் நீரில் நிமிடத்துக்கு 11 அணுச் சிதைவு என்று புரிந்துகொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வேறு முறையில் பார்க்கிறது: முதலில் மொத்த அல்பா லீற்றருக்கு 0.5 பெக்கரலுக்கும் மொத்த பீட்டா 1 பெக்கரலுக்கும் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. தாண்டினால் தனித்தனியே அளந்து, ரேடியம்-226க்கு 1 பெக்கரல், ரேடியம்-228க்கு 0.1 பெக்கரல் என்ற வழிகாட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். பின்னதற்குப் பத்திலொரு பங்குதான் அனுமதி. ஒரே பெக்கரல் அளவில் அது பெரியவர் உடலில் தரும் கதிர்த்தாக்கம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

வயதும் பொருட்டு. சர்வதேசக் கதிர்ப்பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, ரேடியம்-228 ஒரு பெக்கரல் உட்கொண்டால் ஒரு வயதுக் குழந்தைக்கு வரும் தாக்கம் பெரியவருக்கு வருவதைப்போல ஏறக்குறைய 8 மடங்கு. 15 வயதுப் பிள்ளைக்கும் 7 மடங்குக்கு மேல். எலும்பு வேகமாக வளரும் வயது அது. போத்தல் பாலுக்குக் கலக்கும் தண்ணீரையும் பாடசாலைக் குழாய்த் தண்ணீரையும் முதலில் பார்க்க வேண்டும்.

குளிக்க, துவைக்க, தரை கழுவ அந்த நீரைப் பயன்படுத்துவதில் ஆபத்தில்லை; ரேடியம் தோல் வழியே உள்ளே போவதில்லை என்றே கொள்ளலாம். செலவைக் குறைக்கும் வழியும் இந்த இடத்தில்தான் திறக்கிறது.

ஊற்று நகரம் ஏரிக்குப் போன வழி

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வாக்கிஷா என்றொரு நகரம், மக்கள்தொகை ஏறக்குறைய 70,000. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்குப் பெயரே ஊற்று நகரம். அதன் தண்ணீரைக் குடிக்கவும் போத்தலில் வாங்கவும் வெளியூர்க்காரர் வந்தார்கள். 1893 சிக்காகோ உலகப் பொருட்காட்சிக்கு அந்த ஊற்றுநீரைக் குழாயில் கொண்டுபோக வந்தவர்களை 1892இல் ஊர்மக்கள் திரண்டு தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

நகரம் வளர்ந்தபோது ஊற்றுகள் போதவில்லை. களிப்பாறைப் படை ஒன்றின் கீழே மூடிக் கிடந்த ஆழமான மணற்பாறை நீருக்கு இறங்கினார்கள். மேலே களிப்பாறை மூடியிருப்பதால் மழை அங்கே எளிதில் இறங்காது. பழைய நீர், ஒட்சிசன் குறைந்த நீர். சுற்றியுள்ள நகரங்களும் சேர்ந்து இறைக்க, நீர்மட்டம் நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்தது. ஆழம் கூடக்கூட உப்பும் கூடியது, ரேடியமும் கூடியது. சில கிணறுகளில் அது வரம்பின் இரு மடங்கைத் தாண்டியது.

அடுத்து நடந்ததை எந்த நீர்ச் சபையும் ஊன்றிப் படிக்க வேண்டும். 5 பிக்கோகியூரி வரம்பு 1976இலேயே வந்துவிட்டது. 1991இல் அதைத் தளர்த்தி ஒவ்வொன்றுக்கும் 20 ஆக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. தளர்வு வரும் என்று நம்பி ரேடியம் மிகுந்த பல ஊர்கள் செலவைத் தள்ளிப்போட்டன. 2000 டிசெம்பரில் பழைய 5 உறுதியானது. 2003 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாக்கிஷா வழக்காடிப் பார்த்தது. 2009இல் மாநில அரசோடு நீதிமன்ற உடன்பாடு ஏற்பட்டு, 2018க்குள் தீர்வு காண வேண்டும் என்று முடிவானது. பின்னர் அது 2023 வரை நீண்டது.

இடைக்கால ஏற்பாடாகச் சில ஆழ்கிணறுகளில் மங்கனீசு ஒட்சைட்டு முறையில் ரேடியத்தை எடுத்தார்கள். ஆழமற்ற கிணறுகளின் நீரை ஆழ்நீரோடு கலந்து அளவை இறக்கினார்கள். நிரந்தரத் தீர்வாகத் தேர்ந்தது மிச்சிகன் ஏரி. ஏரி 30 கிலோமீற்றருக்குள் இருந்தும் அது எளிதாக இல்லை. நகரம் ஏரியின் நீரேந்து பரப்புக்கு வெளியே, மிசிசிப்பி ஆற்றின் பக்கம் சரிந்த நிலத்தில் இருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த பேரேரிகள் ஒப்பந்தம் ஏரிநீரை எல்லைக்கு வெளியே எடுப்பதைத் தடுக்கிறது. நகரம் வெளியே இருந்தாலும் அது அடங்கிய மாவட்டம் எல்லையின் இரு பக்கமும் பரந்திருந்தால் விலக்குக் கேட்கலாம், அதற்கும் ஏரிகளை ஒட்டிய எட்டு மாநில ஆளுநர்களும் ஒருமனதாக இசைய வேண்டும். 2016 யூன் 21இல் அந்த இசைவு கிடைத்தது: நாளொன்றுக்குச் சராசரி 82 லட்சம் கலன், ஏறக்குறைய 3.1 கோடி லீற்றர். நிபந்தனை, எடுத்த அளவு நீரைச் சுத்திகரித்து ரூட் ஆறு வழியாக ஏரிக்கே திருப்பிவிட வேண்டும். போக ஒரு குழாய், வர ஒரு குழாய், நீரேற்று நிலையங்கள். செலவு 28 கோடி டொலரைத் தாண்டியது. மில்வாக்கி நகரத்திடம் வாங்கிய ஏரிநீர் 2023 ஒக்டோபர் 9இல் வாக்கிஷாக் குழாய்களுக்கு வந்தது.

நீரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும்போது எழும் கேள்விகள் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. உமா ஓயாத் திட்டம் மகாவலியின் கிளையான உமா ஓயா நீரைச் சுரங்க வழியே கிரிந்தி ஓயாப் பக்கம் கொண்டுபோகிறது. 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. மேலே இருந்த இளம் நீரை இழந்த ஊர் அடுத்து ஆழத்தைத்தான் நாடும். அப்படி நாடும்போது ஆழத்து நீரின் தரத்தைச் சோதிக்கும் செலவும் வற்றச்செய்த திட்டத்தின் கணக்கில் சேர வேண்டும் என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு.

எடுக்கும் வழிகளும் அவை தவறும் இடங்களும்

முதலில் பயன் தராதவை. கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து, ரேடியத்துக்கு நேர்மாறான விளைவு. இரண்டு லீற்றரைக் கொதிக்க வைத்து ஒன்றரை லீற்றராக வற்றினால் ரேடியம் அந்த ஒன்றரையில் முழுதாக இருக்கும். குளோரின், புற ஊதா விளக்கு, சுட்டமண் வடிகட்டி எதுவும் கரைந்த ரேடியத்தைத் தொடாது. கரி வடிகட்டியையும் நம்ப முடியாது. காற்றூட்டல், ரேடியம் சிதைந்து பிறக்கும் ரேடன் வாயுவை வெளியேற்றும், ரேடியத்தை வெளியேற்றாது.

சிறு நகரங்கள் பெரிதும் நாடுவது மங்கனீசு ஒட்சைட்டு முறை. மங்கனீசுச் சல்பேற்றுக் கரைசலில் ஊதாநிறப் பொற்றாசியம் பரமங்கனேற்றைக் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றினால் கரும்பழுப்புக் குழம்பு கிடைக்கும். ஒரு கிலோ மங்கனீசுக் கணக்குக்கு, ஒரு நீர் மூலக்கூறுடைய சல்பேற்று 1.85 கிலோவும் பரமங்கனேற்று 1.15 கிலோவும் வேண்டும். இந்தக் குழம்பைக் கிணற்று நீரில் லீற்றருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் மங்கனீசு என்ற அளவில் சொட்டுவிட்டு, சில நிமிடம் நன்றாகக் கலக்கவிட்டு, அழுத்த மணல் வடிகட்டியில் அனுப்பினால் ரேடியம் துகளோடு ஒட்டி மணலில் தங்கும். 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம். ஆயிரம் பேர் உள்ள ஒரு தோட்டப் பிரிவுக்கு ஆளுக்கு 100 லீற்றர் வீதம் நாளுக்கு ஒரு லட்சம் லீற்றர் என்றால், நாளுக்கு 185 கிராம் சல்பேற்றும் 115 கிராம் பரமங்கனேற்றும் போதும். இரசாயனச் செலவு சின்னது.

தவறுவது வேறு இடங்களில். பரமங்கனேற்று கூடினால் வீட்டுக் குழாயில் இளஞ்சிவப்பு நீர் வரும். குறைந்தால் கரைந்த மங்கனீசு மீந்து குடிநீருக்குப் போகும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தற்காலிக வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.08 மில்லிகிராம். குழம்புத் தொட்டியின் கலக்கி நின்றால் துகள் அடியில் படிந்து, மேலுள்ள தெளிநீர்தான் பம்பிக்குப் போகும். பார்ப்பவருக்கு மருந்து போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும், ரேடியமோ அப்படியே கடந்துபோகும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடங்களில் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கலக்கிதான். நீரில் கரைந்த இரும்பு மிகுந்தால் அது துகளின் மேற்பரப்பை நிறைத்துவிடும். இரும்பை முன்னரே காற்றூட்டிப் படியச் செய்யாவிட்டால் குழம்பின் அளவைக் கூட்ட வேண்டிவரும். வடிகட்டியை நேரத்துக்குப் பின்னோட்டம் விட்டுக் கழுவாவிட்டால் கருந்துகள் கசியும். ரேடியமும் அதோடுதான் கசியும் என்பதால் குழாயில் கறுப்பு நீர் வந்தால் அதை அழுக்குப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக்கூடாது.

இரண்டாவது வழி, நீரின் வன்மையை (அதிலுள்ள கல்சியம், மகனீசியத்தை) நீக்கும் அயன்மாற்றுப் பிசின். அது கல்சியத்தைவிட ரேடியத்தை இறுகப் பற்றும். ஆகவே வன்மை கசியத் தொடங்கும்போதே நிறுத்தி உப்புநீரால் புதுப்பித்தால் ரேடியம் கசியாது. வன்மையை அளக்கும் சாதாரணச் சோதனைப் பெட்டியே இங்கே காவலாளி. 25 லீற்றர் பிசின் உள்ள ஒரு தொட்டி, வன்மை லீற்றருக்கு 100 மில்லிகிராம் உள்ள நீரில், ஏறக்குறைய 12,000 லீற்றர் வரை தாங்கும். புதுப்பிக்க 3 முதல் 4 கிலோ உப்பு. மாத்தளை, கண்டி, பதுளைப் பகுதிகளில் சலவைக்கல் உள்ள இடத்து நீர் வன்மையானது, தொட்டி சீக்கிரம் நிறையும். மாற்றாக நீருக்குள் சோடியம் வரும்: வன்மை 1 மில்லிகிராம் போனால் சோடியம் 0.46 மில்லிகிராம். 200 வன்மையுள்ள நீரில் 92 மில்லிகிராம் சோடியம் கூடும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய அளவு. இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பிசின் அடைபடும், அதை முன்னரே நீக்க வேண்டும்.

மூன்றாவது, வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய்க்காகப் பரவலாக அமைக்கப்பட்ட ஆர்.ஓ. நிலையம், அதாவது நீரை அழுத்தி நுண்சவ்வு வழியே வடிக்கும் நிலையம். ரேடியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீங்கும். உள்ளே விடும் நீரில் பெரும் பகுதி கழிவாகப் போவதும் சவ்வுக்கு மாற்றுச் செலவு இருப்பதும் இதன் பாரம்.

மலையகத்துச் சிறு திட்டங்களுக்கு எங்கள் பரிந்துரை குடிக்கும் நீரையும் மற்ற நீரையும் பிரிப்பது. ஆயிரம் பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளுக்கு 5,000 லீற்றர் மட்டுமே. ஒரு லட்சம் லீற்றரைச் சுத்திகரிப்பதற்குப் பதில் அதன் இருபதில் ஒரு பங்கைச் சுத்திகரித்துத் தனிக் குழாயில் விடலாம், இன்னும் நல்லது அந்த 5,000 லீற்றரை ஊற்றிலிருந்தே கொடுப்பது. வறட்சியிலும் பல ஊற்றுகள் அவ்வளவு தரும். ஊற்றுக்கண்ணை மூடிக் கட்டி, மேட்டுப்பக்கம் வெள்ளக் காண் வெட்டி, மலசலகூடங்களையும் மாட்டுப்பட்டியையும் தூரத்தில் வைத்து, தொட்டியில் குளோரின் இட்டால் போதும். வாக்கிஷா ஆழமற்ற நீரைக் கலந்து அளவை இறக்கியதும் இதே தத்துவத்தில்தான். கலக்கும்போது ஊற்றுநீரின் கிருமி எல்லா வீட்டுக்கும் பரவாமல் இருக்க, கலந்த பிறகே குளோரின் இட வேண்டும்.

கழிவைக் கணக்கில் எடுக்காத திட்டம் அரைத்திட்டம்

லீற்றருக்கு 0.3 பெக்கரல் ரேடியம் உள்ள நீரில் 85 சதவீதத்தை எடுத்தால் 0.255 பெக்கரல் துகளில் சேரும். 1 மில்லிகிராம் மங்கனீசு, ஒட்சைட்டானால் 1.58 மில்லிகிராம். ஆகக் காய்ந்த சேற்றின் ஒரு கிராமில் ஏறக்குறைய 160 பெக்கரல் நிற்கும். இரும்பும் மணலும் கலந்தால் இது நீர்த்துப்போகும், ஆனாலும் பெரிய எண்ணே. இயற்கைக் கதிர்ப்பொருள்களைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே விடச் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் அளவு கிராமுக்கு 1 பெக்கரல் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். சுத்திகரித்த நீர் பாதுகாப்பாக இருக்கும்போதே சேறு கட்டுப்பாட்டுக்குரிய பொருளாகிவிடுகிறது.

அந்தச் சேற்றை மரக்கறித் தோட்டத்திலோ தேயிலைக் காட்டிலோ கொட்டக்கூடாது, ஓடையிலும் விடக்கூடாது. பின்னோட்ட நீரைத் தளம் கட்டிய தொட்டியில் தெளியவைத்து, சேற்றை மூடிய கலத்தில் வைத்து, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குறுத்தல் பேரவையிடம் கேட்டு அகற்ற வேண்டும். வடிகட்டி மணலிலும் பழைய குழாய்த் துருவிலும் ரேடியம் சேர்ந்திருக்கும். மணலை மாற்றும் தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் ஈரமாகவே அள்ளும் பழக்கமும் வேண்டும். சேர்ந்த ரேடியம்-226 ரேடன் வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால் வடிகட்டி அறைக்குக் காற்றோட்டமும் அவசியம்.

அளப்பது எப்படி

புதிய கிணறாக இருந்தால் பம்பி பூட்டும் முன்பே, கட்டணம் முழுதும் கொடுக்கும் முன்பே சோதிக்க வேண்டும். நீரை ஓடவிட்டு, வெப்பமும் மின்கடத்துதிறனும் நிலைத்த பிறகு மாதிரி எடுங்கள். குழாயில் தேங்கிய நீர் கிணற்றைக் காட்டாது. சுத்தமான பொலித்தீன் கலத்தில் ஆய்வகம் கேட்கும் அளவு, பொதுவாகச் சில லீற்றர். நைத்திரிக் அமிலம் இட்டுப் பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ரேடியம் கலத்தின் சுவரில் ஒட்டி, அளவு குறைவாகக் காட்டும். அமிலத்தைக் கையாள்வது பயிற்சி உள்ளவர் வேலை, கலத்தையும் அமிலத்தையும் ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். கதிர்ப்பொருள் சோதனைக்கு நாட வேண்டியது இலங்கை அணுசக்திச் சபை. பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியோர் வழியாகக் கடிதத்தோடு போவது நல்லது, அப்போதுதான் முடிவு திட்டத்தின் கோப்பில் சேரும்.

மொத்த அல்பா மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். முன்னே சொன்னபடி ரேடியம்-228 பீட்டா விடுவது, தோரியப் பாறையில் அதுவே முதன்மையானது. மொத்த பீட்டாவும் கேளுங்கள். அதிலிருந்து பொற்றாசியத்தின் பங்கை, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 28 பெக்கரல் வீதம், கழித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் 1 பெக்கரல் என்ற மொத்த பீட்டா வரம்புக்குள் 0.1 பெக்கரல் ரேடியம்-228 எளிதாக மறைந்துவிடும். ஆகவே பிள்ளைகள் குடிக்கும் கிணறு என்றால் ரேடியம்-228ஐத் தனியே அளக்கச் சொல்வதே சரி. தோரிய வழியில் வரும் ரேடியம்-224இன் அரைவாழ்வு ஏறக்குறைய 3.6 நாள்தான். மாதிரி எடுத்து இரண்டு, மூன்று நாளுக்குள் அல்பா எண்ணப்படாவிட்டால் அதில் கணிசமான பங்கு சிதைந்துபோயிருக்கும்.

ஒரு முடிவை வைத்துத் தீர்மானம் எடுக்க வேண்டாம். அமெரிக்க நடைமுறை காலாண்டுக்கு ஒன்றாக நான்கு மாதிரிகளின் சராசரி. நமக்கு மழைக்குப் பின் ஒன்றும் வறட்சியின் கடைசியில் ஒன்றுமாவது வேண்டும். வறட்சியில் இறைப்பு மிகுந்து பழைய நீர் ஏறும்போதுதான் உயர்ந்த எண் வரும். முடிவோடு கிணற்றின் ஆழம், உறைக்குழாய் முடியும் ஆழம், நீர் வரும் வெடிப்புகளின் ஆழம், இறைப்பு வேகம் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். பல வெடிப்புகளிலிருந்து நீர் வரும் கிணற்றில் ரேடியம் ஒரே வெடிப்பிலிருந்து வரக்கூடும். அதன் ஆழம் தெரிந்தால் அந்தப் பகுதியைச் சீமெந்து இட்டு அடைத்து, மேலுள்ள நீரை மட்டும் எடுக்கலாம், சுத்திகரிப்புக்கே தேவை வராமல் போகலாம். தோண்டியவரிடம் துளைப் பதிவேட்டை வேலை முடிந்த அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.